அருணாதேவி மிஸ் நாடகத்துக்கு ஒரு பிணம் வேணும்

என் பொண்டாட்டி அருணாதேவி பதினேழு வருஷமா ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடறா. அதுல ஒண்ணுகூட கடைசி வசனம் வரைக்கும் போனதில்ல. கிண்டலுக்குச் சொல்லல, கூடவே இருந்து நொந்தவன் சொல்றேன். மொத வருஷம் மழை. அடுத்த வருஷம் கரண்ட் போச்சு. இன்னொரு வருஷம் ராஜா வேஷம் போட்ட பையனுக்குச் சால்வை போர்த்தறேன்னு அவங்க மாமா மேடை ஏறினாரு. அதைப் பார்த்துட்டு மந்திரி வேஷக்காரனோட சித்தப்பா சும்மா இருப்பாரா, அவரும் ஏறினாரு. அப்புறம் அந்த நாட்டுல பிரஜைங்களவிட சொந்தக்காரங்கதான் ஜாஸ்தி. நாலஞ்சு வருஷம், சீஃப் கெஸ்ட் கிளம்பணுமாம்னு சொல்லி பாதியில திரையை இழுத்துட்டாங்க. போன வருஷம் இன்னும் மோசம். வேற மாவட்டத்துலேர்ந்து புதுசா வந்த ஹெட்மாஸ்டர் சக்கரபாணி சார், காலண்டரைப் பார்க்காம பௌர்ணமி அன்னிக்கே ஆண்டு விழாவுக்குத் தேதி குறிச்சுட்டாரு. திருவண்ணாமலையில பொறந்த கைக்குழந்தைகூட அந்தத் தப்பைச் செய்யாது. ஏழு மணிக்கு ஸ்கூல் கிரவுண்டுல பஸ்ஸா வந்து நிக்குது. கிரிவலம் போற ஜனம் மேடைக்குப் பின்னால வந்து பாத்ரூம் எங்கன்னு கேக்குது. நாடகத்துல நீதிபதியா இருந்த பையன் பாவம், தீர்ப்பு சொல்றதை விட்டுட்டு கை காட்டினான்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, சேர், சாமியானா, ஜமக்காளம் எல்லாம் என்னோடது. தேரடி வீதி பக்கம் வாடகைக் கடை வெச்சிருக்கேன். மூர்த்தின்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், எதுக்கும் நம்ம சேர்தான். சாவுக்கு ஐஸ் பெட்டியும் மூணு வெச்சிருக்கேன். ஸ்கூலுக்கு மட்டும் எல்லாம் சும்மா, மிஸ்ஸோட புருஷனாச்சே. அதனால ஆண்டு விழா அன்னிக்கு நான் சேரைப் போட்டுட்டு, பந்தக்கால் சாயாம பார்த்துட்டு, பின்பக்கமா நின்னுட்டு இருப்பேன். பதினேழு நாடகத்துல ஒண்ணையும் முன்னால உக்காந்து நான் பார்த்ததில்ல. அதை இவ வருஷத்துக்கு ஒரு தடவ சொல்லிக்காட்டாம விட்டதும் இல்ல.

அருணாதேவிக்குச் சொந்த ஊர் போளூர். அப்பா பஸ் கண்டக்டர். பி.காம் முடிச்சு, பி.எட் முடிச்சு, இந்த ஸ்கூல்ல காமர்ஸ் மிஸ்ஸா சேர்ந்தா. நாடகத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தமிழ் மிஸ் எழிலரசி பிரசவ லீவுல போறப்ப ஒரு நாடக நோட்டை இவ கையில திணிச்சு, "மூணு மாசம் பார்த்துக்குங்க மிஸ்"னு சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் குழந்தை இப்ப பிளஸ் டூ படிக்குது. நோட்டு இன்னும் இவகிட்டதான் இருக்கு.

மார்கழி பொறந்தா எங்க வீட்ல நான் மனுஷன் கிடையாது. காலைல பல்லு தேய்ச்சுட்டு இருப்பேன், வந்து நிப்பா. "நீங்க ரெண்டாவது மகன்னு வெச்சுக்குங்க. நான் இப்படிச் சொன்னா உங்க மூஞ்சி எப்படிப் போகும்?" வாயில நுரையோட என் மூஞ்சி எப்படிப் போகும். சாம்பார்ல ஒரு நாள் உப்பு ஜாஸ்தி, ஒரு நாள் உப்பே இருக்காது. கேட்டா, "ரெண்டாவது சீன் உக்கார மாட்டேங்குது"ம்பா. பி.டி. மாஸ்டர்கிட்ட எப்பவோ வாங்கின விசில் கழுத்துலயே தொங்கும். அதை வீட்லயும் ஊதுவா. பால்காரர் பயந்துட்டு கேட்டுலேயே பாக்கெட்டை வெச்சுட்டுப் போக ஆரம்பிச்சுட்டாரு.

இந்த வருஷம் கதையும் அவளே எழுதினா. ஒரு அப்பா செத்துப்போறாரு. பசங்க வந்து சேர்றாங்க. பெரிய மகன், சின்ன மகன், ரெண்டு அத்தைங்க, கடைசியா ஒரு மக. காரியத்தை யார் வீட்ல பண்றது, யார் கொள்ளி வெக்கறது, யார் முன்னாடியே வந்து பார்த்திருக்கணும்னு பெரியவனும் சின்னவனும் அடிச்சுக்கறாங்க. கடைசி மக மட்டும் பேசாம அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கா. முடிவுல எழுந்து ஒரே ஒரு வசனம் சொல்றா. திரை விழுது. அவ்வளவுதான், இருபத்திரண்டு நிமிஷம்.

பெரிய மகன் மணிவேல், பத்தாவது. சின்ன மகன் தல்ஹா, அவனும் பத்தாவது. மகளா ஃபரா, எட்டாவது படிக்கற பொண்ணு. ஃபராவோட அம்மா ஒரு நாள் வந்து, "எம் பொண்ணு நல்லாப் பேசுவா மிஸ், ஒரு வரிதானா கொடுத்தீங்க?"ன்னு வருத்தப்பட்டாங்க. "அந்த ஒரு வரிக்காகத்தான் நாடகமே"ன்னு இவ சொன்னா.

எல்லாருக்கும் வேஷம் கெடைச்சுது. பிணத்துக்குத்தான் ஆள் கெடைக்கல.

மொதல்ல ஒன்பதாவதுலேர்ந்து ஒரு ஒல்லிப் பையனைப் படுக்க வெச்சா. மறுநாளே அவங்க அம்மா ஸ்டாஃப் ரூம்ல வந்து நின்னாங்க. "ஒத்தப் புள்ள மிஸ், அவனைப் போய் பாடையில வெக்கறீங்களே"ன்னு அழுகை. பாடை இல்லம்மா, என் வீட்டுக்காரர் கடை பெஞ்சுன்னு சொன்னதுக்கு அழுகை ஜாஸ்தியாச்சு. அடுத்தவனோட அப்பா ஜாதக நோட்டையே எடுத்துட்டு வந்துட்டாரு, பையனுக்குச் சனி நடக்குதாம். மூணாவது பையனை இவ பிரியாணி வாங்கித் தர்றேன்னு பேசி வழிக்குக் கொண்டு வந்தா. நாலு நாள் ஒழுங்காப் படுத்தான். அஞ்சாம் நாள் ஜுரம். ஊரே ஜுரத்துல கெடந்த மாசம் அது, ஆனா யார் கேக்கறா. அந்த பெஞ்சுல படுத்தா ஜுரம் வருதுன்னு பேச்சு கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம் பசங்க அந்த பெஞ்சைத் தொடக்கூட மாட்டேன்னுட்டாங்க. ஃபரா மட்டும் அதும்பக்கத்துல உக்காருவா.

சரி, பொம்மை செய்யலாம்னு பார்த்தா. என் கடைத் தலகாணி ரெண்டு, என் பழைய சட்டை, தலைக்கு ஒரு மண்சட்டி. ரிகர்சல்ல பெரிய அத்தை மேல விழுந்து அழுதா பாருங்க, தலை கழண்டு உருண்டுச்சு. தல்ஹா ஃபுட்பால் ஆடற பழக்க தோஷத்துல அதைக் காலால நிறுத்தினான். அன்னிக்கு ரிகர்சல் அதோட சரி, பசங்க சிரிப்பை அடக்கவே முடியல.

அன்னிக்கு சாயந்திரம் வேங்கிக்கால்ல எங்க வீட்ல நான் டீ குடிச்சுட்டு இருந்தேன். எதிர்ல வந்து உக்காந்தா.

"நீங்க படுங்க."

"எங்க?"

"மேடையில."

டீ புரையேறிடுச்சு. "ஏண்டி, உனக்கு மனசாட்சி இருக்கா? எனக்கு ஸ்டென்ட் வெச்சு ரெண்டு வருஷம்கூட ஆகல. என்னைப் பிணமாப் படுன்றியே."

"ஊர்ல பாதிப் பேருக்கு ஐஸ் பெட்டி கொடுக்கறீங்க. உங்களுக்கென்ன பயம்?"

"கொடுக்கறவனுக்குத்தான் ஜாஸ்தி பயம், தெரியுமா உனக்கு? நான் பெட்டியைத் தொடச்சு வெக்கறப்பகூட உள்ள எட்டிப் பார்க்க மாட்டேன். கதையை மாத்து. அப்பா ஆஸ்பத்திரியில இருக்காருன்னு வை. இல்ல, வேற ரூம்ல இருக்காருன்னு வை."

"மாத்த முடியாது."

"பதினேழு வருஷமா எது முடிஞ்சுது, இது முடிய? எப்படியும் பாதியில யாராவது திரையை இழுக்கப்போறான். அதுக்கு நான் எதுக்குச் சாகணும்?"

சொல்லிட்டேன். சொல்லக் கூடாதுதான். வழக்கமா இவ இதுக்கு ரெண்டு மடங்கு திருப்பிக் கொடுப்பா. அன்னிக்கு நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தை என் பக்கமாத் திருப்பி வெச்சுட்டு, சமையல்கட்டுக்குப் போயிட்டா.

கடைசிப் பக்கத்துல ஒரே வசனம். கடைசி மக சொல்றது. "நேத்து அப்பா எனக்கு போன் பண்ணாரு. நான் எடுக்கல."

எனக்கு ஆடி மாசம் ஞாபகம் வந்துடுச்சு. என் மாமனார், போளூர் கண்டக்டர், ஆடியில திடீர்னு போயிட்டாரு. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவரு காலைல எழுந்திருக்கல. சாவு வீட்ல எல்லாரும் அழறாங்க, இவ மட்டும் மூலையில உக்காந்து போனைப் பார்த்துட்டே இருந்தா. யாருக்குச் சொல்லணும் சொல்லு, நான் பண்றேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு போனைக் கவுத்து வெச்சா. அதுக்கு மொத நாள் சாயந்திரம் இவளுக்குச் சுதந்திர தின நாடகத்து ரிகர்சல். ரிகர்சல்ல போனை சைலண்ட்ல போட்டுப் பையில வெச்சுடுவா. அவரு போன் பண்ணதை அவங்க அண்ணனுங்ககிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. ஆறு மாசம் கழிச்சு எட்டாவது படிக்கற பொண்ணு வாயில வெச்சிருக்கா.

நோட்டை மூடிட்டேன். எனக்கு வந்த கோவத்துல யாரைத் திட்டறதுன்னு தெரியல. சமையல்கட்டு வாசல்ல போய் நின்னு, "வாய்க்கட்டு கட்டிக்கறேன். கால் கட்டையும் கட்டிக்கறேன். ஆனா தலையை மட்டும் தெக்கால வெக்க மாட்டேன். வடக்காலதான் வெப்பேன். தெக்கால வெச்சா அது நெஜம்"னேன்.

"வெச்சுக்குங்க."

"ஹபீபுக்குத் தெரியக் கூடாது."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்."

ஹபீப் முகம்மது என் சிநேகிதன். ஜெனரேட்டர், மைக் செட் வாடகைக்கு விடறவன். நான் சேர் போடற எடத்துல எல்லாம் அவன் மைக் கட்டுவான், முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். நான் பிணமாப் படுத்தேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் ஓட்டுவான். டீக்கடையில நிக்க முடியாது.

ஹெட்மாஸ்டர் சக்கரபாணி சார் வேற ஒரு கேள்வி கேட்டாரு. பசங்க நாடகத்துல பெரியவங்க நடிக்கலாமா மேடம்னு. "அவரு நடிக்கல சார். மேடைச் சாமான். சேர் மாதிரி"ன்னு இவ சொன்னா. அவரும் யோசிச்சுட்டு, சரின்னுட்டாரு. பதினேழு வருஷம் சேர் கொடுத்தவனுக்கு கெடைச்ச மரியாதை.

ஆண்டு விழா அன்னிக்கு தை மாசம், முகூர்த்த சீசன். மறுநாள் மூணு கல்யாணத்துக்கு நம்ம சேர். போன் ஓயாம அடிக்குது. ஹபீப் மட்டும் காலைலேர்ந்து ஆறு தடவ பண்ணிட்டான். எடுத்தா "எங்கடா நிக்கற, வர்றேன்"னுவான்னு நான் எடுக்கல. மத்தியானம் அவன் ஜெனரேட்டரை எறக்கிட்டுப் போறப்பகூட நான் பாத்ரூம்ல ஒளிஞ்சுட்டேன். அவனுக்கு செங்கம் ரோட்ல, ஆசிரமம் தாண்டி ஒரு வேலை. வர மாட்டான்னு நிம்மதியா இருந்தேன்.

ஆறே முக்காலுக்கு வாய்க்கட்டுத் துணியோட வந்தா. விபூதி பூசினா. மாலையைப் போட்டா. "போனைக் கொடுங்க"ன்னா.

"ஆஃப் பண்ணிட்டேன்."

பொய். மூணு கல்யாணம் தலைக்கு மேல இருக்கறப்ப எவன் போனை ஆஃப் பண்ணுவான். சைலண்ட்ல போட்டுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள வாயைக் கட்டி, கையை மடிச்சு வெச்சு, கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணியைப் போர்த்திட்டா. சட்டைப் பாக்கெட்டுல போன் அப்படியே இருக்கு. கடைத்தெரு சத்தத்துல கேக்கணும்னு நான் வெச்சிருக்கற வால்யூம் வேற, ஊருக்கே கேக்கும்.

திரை தெறந்துச்சு. கண்ணை மூடிட்டேன். எண்ணூறு பேர் திடீர்னு அமைதியானா எப்படி இருக்கும்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. இத்தனை வருஷம் நான் அந்த எண்ணூறு பேரோட சேருக்குத்தான் கவலைப்பட்டிருக்கேன்.

மொத ரெண்டு நிமிஷம் நல்லாப் போச்சு. அப்புறம் முன் வரிசையிலேர்ந்து ஒரு பெரியவர், "தலையை மாத்தி வெச்சிருக்காங்க பாரு"ன்னாரு. பக்கத்துல இருந்தவரு, "ஆமா, தெக்காலல்ல வெக்கணும்"னாரு. அப்புறம் அந்த வரிசை முழுக்க அதே பேச்சு. ஒருத்தர் எழுந்து வந்து சொல்லிட்டே போறேன்னு கிளம்பினாரு போல, யாரோ பிடிச்சு உக்கார வெச்சாங்க. எனக்கு எழுந்து ரெண்டு வார்த்தை கேக்கலாமான்னு வந்துச்சு. என்னய்யா, பிணத்துக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு.

கண்ணை ஒரு நூல் அளவு தொறந்தேன். வடக்கால தலை வெச்சுப் படுத்ததுல ஒரு லாபம், என் காலுக்கு நேரா தெக்கால சைடு திரை, அங்க அருணாதேவி. ஒரு கையில திரைக் கயிறு, இன்னொரு கையில நோட்டு. பசங்க பேசப் பேச அவ வாயும் சத்தமில்லாம கூடவே பேசுது. மணிவேல் கோவப்பட்டா இவ மூஞ்சி கோவப்படுது. தல்ஹா அழுதா இவ மூஞ்சி கோணுது. எனக்கு நாடகம் தெரியல, இவதான் தெரிஞ்சா.

பத்து நிமிஷம் ஆயிருக்கும். என் நெஞ்சு மேல போன் அடிச்சுது.

எண்ணூறு பேர் சிரிச்சாங்க. வெடிச்சு சிரிச்சாங்க. பிணத்துப் பாக்கெட்டுல போன் அடிச்சா சிரிக்காம என்ன பண்ணுவாங்க. அருணாதேவி மூஞ்சியைப் பார்த்தேன். திட்டற மூஞ்சியா இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. பதினெட்டாவது தடவையும் போச்சுன்ற மூஞ்சி. நோட்டு தானா கீழ எறங்கிடுச்சு. பாவி, நானே கெடுத்துட்டேன்.

அப்ப ஒரு கை வந்து துணியை விலக்கி, என் பாக்கெட்டுக்குள்ள போச்சு. மணிவேல்.

"அப்பா போன்"னான், தல்ஹாவைப் பார்த்து. அப்புறம் எடுத்துக் காதுல வெச்சான். "ஹலோ. ஆமாங்க, அவரு போன்தான். அவரு இல்லைங்க." கொஞ்சம் நிறுத்தினான். குரல் நெஜமாவே ஒடைஞ்சுது. "போயிட்டாருங்க. கால் மணி நேரம் ஆச்சு."

சிரிப்பு சட்டுனு நின்னுடுச்சு. ரெண்டு அத்தைங்களும் அதுதான் சமயம்னு ஒப்பாரியை எடுத்து விட்டாங்க. மணிவேல் போனை அணைச்சு என் பக்கத்துல வெச்சான். எழுதாத வசனம். இந்தப் பையனை ரிகர்சல்ல இவ எத்தனை தடவ தடிமாடுன்னு திட்டியிருப்பா தெரியுமா. நோட்டு மறுபடியும் மேல போச்சு, வாய் மறுபடியும் அசைய ஆரம்பிச்சுது. எனக்கு உயிர் வந்துச்சு.

கூப்பிட்டது யாருன்னு நான் யோசிக்கவே இல்ல. யோசிச்சிருக்கணும்.

பெரியவனும் சின்னவனும் சண்டை போட்டு ஓஞ்சாங்க. அத்தைங்க அழுது ஓஞ்சாங்க. இன்னும் ஒரு நிமிஷம். ஃபரா எழுந்திருக்கணும். அப்ப மேடைக்குப் பின்னால, ஜெனரேட்டர் பக்கம், பைக் ஒண்ணு வந்து நிக்கற சத்தம். ஸ்டாண்டு போடல, கீழ விழுந்த சத்தம்தான் கேட்டுச்சு. பின்திரையை விலக்கிட்டு ஒருத்தன் நேரா உள்ள வந்தான்.

ஹபீப். கையெல்லாம் கிரீஸ்.

அவன் ஜனத்தைப் பார்க்கல, லைட்டைப் பார்க்கல. வாயைக் கட்டிப் படுத்திருக்கற என்னைத்தான் பார்த்தான். "மூர்த்தி"ன்னான். அப்புறம் என் கால் ரெண்டையும் புடிச்சுட்டுத் தரையில உக்காந்துட்டான்.

"டேய் மூர்த்தி. காலைலேர்ந்து பண்றேனேடா. எடுக்கலியேடா. என் மேல என்னடா கோவம் உனக்கு. நேத்துகூட வர்றப்ப ஏதோ சொல்ல வந்தே, அப்புறம் பேசலாம்னு நான்தான் போயிட்டேன். என்னடா சொல்ல வந்தே, யா அல்லா, என்னடா சொல்ல வந்தே."

நான் சொல்ல வந்தது ஒண்ணுமில்ல. அவன் வயர் ரெண்டு என் குடோன்ல இருக்கு, எடுத்துக்கோன்னு சொல்ல வந்தேன். அதை இப்ப எப்படிச் சொல்றது. என் கால்ல அவன் கண்ணீர் சூடா விழுது. முப்பத்தஞ்சு வருஷத்துல இவன் அழுது நான் பார்த்தது அவங்க வாப்பா செத்தப்ப மட்டும்தான். கூட்டத்துல ஒரு சத்தம் இல்ல, யாரோ பொம்பள மூக்கை உறிஞ்சறது மட்டும் கேக்குது. தல்ஹா ஒரு சேரைத் தூக்கிட்டு வந்து, "மேல உக்காருங்க மாமா"ன்னான். ஹபீப் உக்காரல.

எழுந்துடலாம்னுதான் பார்த்தேன். எழுந்து, டேய் கிறுக்கா, நான் சாகலடான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். கண்ணை நூல் அளவு தொறந்தேன். அருணாதேவிக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஹபீபைப் பார்க்கறா, என் நெஞ்சைப் பார்க்கறா, மறுபடியும் ஹபீபைப் பார்க்கறா. நோட்டைக் கீழ போட்டுட்டு ரெண்டு கையாலயும் கயித்தைப் புடிச்சா. திரையை மூடப்போறா. அவளே மூடப்போறா. மழை இல்ல, கரண்ட் போகல, சீஃப் கெஸ்ட் கிளம்பல. இன்னும் ஒரே ஒரு வசனம் இருக்கு.

என் வலது கை துணி ஓரமாத்தான் இருந்துச்சு. துணிக்கு வெளிய ஒத்த விரலை நீட்டி ஆட்டினேன். வேணாம்.

பார்த்தா. கயிறு அசையல.

என்னை மன்னிச்சுடுடா ஹபீபுன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு, செத்தே கெடந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் மாதிரி ஒரு நீளமான நேரத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல, ஆபரேஷன் டேபிள்லயும் பார்த்ததில்ல.

ஃபரா எழுந்தா. உடனே பேசல. சத்தம் அடங்கற வரைக்கும் காத்திருக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க, அந்தப் பொண்ணு ஹபீபோட விசும்பல் அடங்கற வரைக்கும் நின்னா. அப்புறம் யாரையும் பார்க்காம, அழாம, ஏதோ மறந்துபோனதைச் சொல்ற மாதிரி சொன்னா.

"நேத்து அப்பா எனக்கு போன் பண்ணாரு. நான் எடுக்கல."

அருணாதேவியோட வாயும் கூடவே சொல்லுச்சு. சொல்லி முடிச்சுட்டு, கயித்தைப் புடிச்சுட்டு அப்படியே நின்னுட்டா. யாரும் கை தட்டல. திரையை மூடணும்னு அவளுக்கு ஞாபகமே இல்ல. ஃபராதான் மெதுவா, "மிஸ், திரை"ன்னா.

திரை மூடினதுக்கு அப்புறம்தான் கை தட்டல் கேட்டுச்சு. நான் எழுந்து உக்காந்தேன். வாய்க்கட்டு இருக்கறதால பேச முடியல, ஹபீபைப் பார்த்து "ம், ம்"னு முனகறேன். அவன் என்னைப் பார்த்தான், பசங்களைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். எழுந்து வந்து கன்னத்துல ஒண்ணு விட்டான் பாருங்க, வாய்க்கட்டு தானா அவுந்துச்சு. அப்புறம் அந்தச் சேர்ல உக்காந்து தண்ணி கேட்டான். பாதித் தண்ணி சட்டையில போச்சு.

"எதுக்குடா போன் பண்ணே?"ன்னு கேட்டேன்.

"ஜெனரேட்டர்ல டீசல் கம்மியா இருக்கு. ஒன்பது மணிக்கு மேல தாங்காது. அதைச் சொல்லத்தான்." அவ்வளவு சொல்லிட்டு, "இனிமே எங்கிட்ட பேசாதே"ன்னு எழுந்து போனான். போய் டீசல் ஊத்திட்டுதான் போனான்.

சக்கரபாணி சார் ஓடி வந்தாரு. "மேடம், அந்த பாய் யாரு? பிரமாதமா நடிச்சாரு. ஆனா நீங்க ஒரு பெரியவர்னுதானே சொன்னீங்க, ரெண்டு பேரு வந்துட்டாங்களே"ன்னாரு. இவ விசிலைக் கழுத்துலேர்ந்து கழட்டிக் கையில வெச்சிருந்தா.

எட்டரைக்கு பைக்ல கிளம்பினோம். நெத்தியில விபூதியோட நான், பின்னால இவ. ஸ்டாஃப் ரூம்ல இருந்த பையை அப்பதான் தெறந்து போனைப் பார்க்கறா. கலெக்டர் ஆபீஸ் ரோட்டுக்கு வந்துட்டோம்.

"போனை ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னீங்க"ன்னா.

"சொன்னேன். பொய்தான். வீட்டுக்குப் போய்த் திட்டு."

திட்டல. கொஞ்ச தூரம் போனதும், "ஹபீப் அண்ணன் எனக்கும் பண்ணியிருக்காரு. மூணு தடவ"ன்னா.

"உன் போன் பையில இருந்துச்சு. நீ என்ன பண்ணுவே."

"ஆமா. அன்னிக்கும் பையிலதான் இருந்துச்சு." என் தோள்ல வெச்சிருந்த கை இறுகுச்சு. "நாடகத்துல சும்மா போன் பண்ணாருன்னு எழுதிட்டேங்க. அப்பாவும் மூணு தடவ பண்ணாரு."

நான் வண்டியை ஓரமா நிறுத்தினேன்.